வாரச் சமையலும் சாமான் வாங்குதலும்: ராமநாதபுரம் கடற்கரைக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி வழியாகச் சாயல்குடி வரை நீளும் இந்தக் கரையில் வாரச் சமையலைத் திட்டமிட நினைப்பவர் முதலில் ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டும். நாளை மறுநாள் எந்த மீன் கிடைக்கும் என்று இங்கே யாராலும் சொல்ல முடியாது. ஆகவே திட்டத்தில் மீனின் பெயரை எழுதக் கூடாது, குழம்பின் பெயரைத்தான் எழுத வேண்டும். "வியாழன் மதியம் பாறை மீன் குழம்பு" என்று நான் எழுதி வைத்த காலத்தில் வாரத்திற்கு இரண்டு முறையாவது திட்டம் உடைந்தது. "வியாழன் மதியம் புளிக்குழம்பு, கரையில் கிடைக்கும் மீன் ஒரு கிலோ" என்று எழுதத் தொடங்கிய பிறகு அது உடைவதே இல்லை. குழம்புக்குத் தேவையான புளி, தேங்காய், சின்ன வெங்காயம், குழம்புப் பொடி ஆகியவை வீட்டில் இருந்தால் போதும். மீனைக் கடல் முடிவு செய்யட்டும்.

எங்கள் வீடு உச்சிப்புளிப் பக்கம் இருக்கிறது. நானும் என் கணவரும் மாமியாரும் இரண்டு பிள்ளைகளுமாக ஐந்து பேர். கீழே தரும் அளவுகள் எல்லாம் இந்த ஐந்து பேரை வைத்துச் சொல்பவை. உங்கள் வீட்டுக்கு ஏற்பக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம்.

முதல் வாரம்: எழுதி மட்டும் வையுங்கள்

திட்டம் போடுவதற்கு முன் ஒரு வாரம் முழுவதும் எதையும் மாற்றாமல், வீட்டில் நடப்பதை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு வேளையும் என்ன சமைத்தீர்கள், யார் சாப்பிட்டார்கள், எவ்வளவு மிஞ்சியது, எது குப்பைக்குப் போனது, எந்தச் சாமானுக்காகத் திடீரென்று கடைக்கு ஓடினீர்கள் என்ற ஐந்தும் பதிவாக வேண்டும். என் நோட்டில் அந்த முதல் வாரம் ஆறு முறை பலசரக்குக் கடைக்குப் போனதாக இருந்தது. அதில் மூன்று முறை கடுகு, பெருங்காயம், தீப்பெட்டி போன்ற சிறு சாமான்களுக்காகப் போனது. ஒவ்வொரு முறையும் அந்த ஒரு பொருளோடு திரும்பவில்லை. பிள்ளைகளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் சேர்ந்தே வந்திருந்தது. குப்பைக்குப் போனதில் பெரும்பங்கு கீரையும் தக்காளியும். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் எங்கே பணம் கரைகிறது என்பது எனக்கே தெரிந்தது.

வாரத்தின் நாட்களை வரைந்துகொள்ளுங்கள்

அடுத்து ஒரு தாளில் ஏழு நாட்களையும் எழுதி, ஒவ்வொரு நாளும் வீட்டை எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்று குறியுங்கள். சைவ நாட்கள் முதலில் வரும். எங்கள் வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் அமாவாசையும் சைவம். புரட்டாசி மாதம் என்றால் சனிக்கிழமையும் சேரும். இஸ்லாமிய வீடுகளில் ரமலான் மாதத்தில் சமையலின் நேரமே மாறிவிடும். கிறித்தவ வீடுகளில் தவக்காலத்து வெள்ளிகளில் இறைச்சி இருக்காது. இவற்றை நினைவில் வைத்துக்கொண்டால் போதும் என்று விட்டுவிடாமல் தாளில் குறிக்க வேண்டும். மீன் வாங்கி வந்த பிறகு அன்று அமாவாசை என்று தெரியவரும் சங்கடம் பல வீடுகளில் நடப்பதுதான்.

இரண்டாவதாகக் கடலின் நாட்களைக் குறிக்க வேண்டும். ராமேசுவரம், மண்டபம் பகுதிகளில் வடகடலுக்கு, அதாவது பாக் நீரிணைப் பக்கம், போகும் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனி ஆகிய நாட்களில் கடலுக்குச் சென்று, மறுநாள் காலையில் கரை திரும்புகின்றன. எனவே செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகளில் மீன் அதிகமாக இறங்கும். இடைப்பட்ட நாட்களில் நாட்டுப்படகு மீன்தான் வரும். வரத்து குறைவாக இருந்தாலும் நாட்டுப்படகு மீன் பெரும்பாலும் அன்றே பிடித்து அன்றே கரை சேர்வதால் அதன் புதுமைக்கு ஈடு கிடையாது. எங்கள் வீட்டில் செவ்வாய் சைவம் என்பதால் வியாழனும் ஞாயிறும் மீன் நாட்கள் என்று தாமாகவே அமைந்தன. தென்கடல் என்று நாங்கள் சொல்லும் மன்னார் வளைகுடாக் கரையில் இருப்பவர்கள் தங்கள் ஊர்ப் படகுகளின் முறையைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும்: வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும். அந்தந்தக் காலத்தில் எந்தக் கரையிலிருந்து மீன் வருகிறது என்பதை மீன்காரம்மாவிடம் கேட்டாலே சொல்லிவிடுவார்.

மூன்றாவதாகக் குறிக்க வேண்டியது குடிநீர் வரும் நாள். இதைத் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. இந்தக் கரையின் பல ஊர்களில் கிணற்றுத் தண்ணீரும் ஆழ்குழாய்த் தண்ணீரும் உப்பாக இருக்கின்றன. குடிப்பதற்கும் சமைப்பதற்கும் காவிரிக் கூட்டுக் குடிநீரைத்தான் நம்பியிருக்கிறோம். ஒருமுறை குடத்தில் நல்ல தண்ணீர் தீர்ந்துபோய், கிணற்றுத் தண்ணீரில் துவரம் பருப்பை வேக வைத்தேன். ஆறு விசில் விட்டு மூடியைத் திறந்தால், பருப்பு ஒவ்வொன்றும் முழுசாக, ஓரம்கூட உடையாமல், மஞ்சள் தண்ணீருக்கு அடியில் படிந்து கிடந்தது. கரண்டியால் அழுத்தினால் நழுவியது. பருப்பின் குற்றமில்லை, கடினத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் செல் சுவரில் உள்ள பெக்டினை இறுக்கிவிடுகின்றன. அதனால் தண்ணீர் வரும் நாளையும் அதற்கு மறுநாளையும் சாம்பார், கூட்டு, சுண்டல் ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள். தண்ணீர் குறையும் நாட்களில் பருப்பு இல்லாத புளிக்குழம்பு, முட்டைக் குழம்பு, ரசம் என்று வையுங்கள். பருப்பு நன்றாகக் குழைந்த பிறகுதான் புளியையும் தக்காளியையும் சேர்க்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்ததே. புளிப்பும் பருப்பை வேக விடாது.

இவற்றுக்குப் பிறகு ஊர்ச்சந்தை கூடும் நாள், ரேஷன் கடைக்குப் போகும் நாள், வீட்டில் யாராவது வெளியே சாப்பிடும் நாள் ஆகியவற்றையும் குறித்துவிட்டால், தாள் பாதி நிரம்பியிருக்கும்.

அளவுகளைக் கணக்கிடுதல்

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட உணவு வழிகாட்டி, 2000 கிலோகலோரி உணவுக்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பும் முட்டையும் மீனும் இறைச்சியும் சேர்த்து 85 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, எண்ணெய் 27 கிராம் என்று சொல்கிறது. இதை ஐந்து பேருக்கும் ஏழு நாட்களுக்கும் பெருக்கிப் பார்த்தபோது எனக்கு அதிர்ச்சியாகத்தான் இருந்தது. காய்கறியும் கீரையும் மட்டும் 14 கிலோ வருகிறது. நாங்கள் வாங்கிக்கொண்டிருந்ததோ 6 கிலோ. பிள்ளைகளுக்குக் குறைத்துக்கொண்டாலும் இந்த இடைவெளி பெரியது. மீன் கிடைக்கிறதே என்ற நிம்மதியில் கடற்கரை வீடுகளில் காய் பின்தங்கிவிடுகிறது என்பதே என் எண்ணம். எண்ணெய்யில் நேர்மாறு. கணக்குப்படி ஐந்து பேருக்கு வாரம் ஏறத்தாழ ஒரு லிட்டர்தான் வருகிறது. மீன் வறுவல் அடிக்கடி நடக்கும் வீட்டில் அது நான்கே நாளில் தீர்ந்துவிடும். குழம்பு மீன், வறுவல் மீன் என்று இரண்டும் ஒரே நாளில் வைப்பதைத் தவிர்த்தாலே பாதி சரியாகிவிடும்.

சோற்றுக்கு ஒரு வேளைக்குப் பெரியவர் ஒருவருக்கு 125 கிராம் அரிசி, பிள்ளைக்கு 75 கிராம் என்று வைத்தால் எங்கள் வீட்டுக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல் வருகிறது. ஏழு மதியங்களுக்கும் இரண்டு இரவுகளுக்கும் சேர்த்து ஐந்து கிலோ புழுங்கல் அரிசி போதும். இட்லி மாவை வாரத்திற்கு இரண்டு முறை ஆட்டுகிறோம். ஒவ்வொரு முறையும் ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். சாம்பாருக்கு ஒரு முறைக்கு 150 கிராம் துவரம் பருப்பு. மாமியார் சர்க்கரை நோயாளி என்பதால் அவருக்கு மட்டும் நம் மாவட்டத்துச் சிவப்பரிசியான சித்திரைக்கார் கஞ்சி காலையில் உண்டு. அதன் அளவை அவரே டம்ளரால் அளந்து தருவார்.

மீனைப் பொறுத்தவரை ஒரு கிலோ முழு மீனை ஆய்ந்து கழுவினால் 600 முதல் 650 கிராம் வரைதான் நிற்கும். பெரிய தலையுள்ள மீனில் இன்னும் குறையும். ஐந்து பேருக்கு ஒரு கிலோ சரியான அளவு. நெத்திலி, சூடை போன்ற சிறு மீன்களில் கழிவு குறைவு என்பதால் முக்கால் கிலோவே போதும்.

இடங்களை நிரப்புதல்

இப்போது தாளில் மீதமிருக்கும் வேளைகளைக் குழம்பு வகைகளால் நிரப்புங்கள். எங்கள் வீட்டில் வழக்கமாக நடக்கும் ஒரு வாரத்தைச் சொல்கிறேன். ஞாயிறு மதியம் மீன் குழம்பு. கீழக்கரைப் பக்கம் இதை ஆணம் என்பார்கள். திங்கள் காலை இட்லிக்கு அந்தக் குழம்பின் மீதியே போதும், மதியம் பூசணிக்காய் சாம்பாரும் வெண்டைக்காய்ப் பொரியலும். செவ்வாய் முருங்கைக்கீரையும் பாசிப்பருப்பும் சேர்த்த கூட்டு, ரசம். புதன் முட்டைக் குழம்பு. வியாழன் மறுபடி கரை மீன் அல்லது கணவாய். வெள்ளி சாம்பார், இரண்டு காய், பாயசம். சனி கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. இரவு, அந்த வாரம் மிஞ்சிய காய்களையெல்லாம் சேர்த்துக் கூட்டாஞ்சோறு. இந்தச் சனிக்கிழமை இரவு வேளையைக் காலியாக விட்டதுதான் நான் செய்தவற்றில் மிகப் பயனுள்ள மாற்றம். கடைசி முள்ளங்கியும் அரைக் கேரட்டும் இரண்டு வாழைக்காயும் அதில் முடிந்துவிடுகின்றன. ஞாயிறன்று காய்க்கூடை காலியாக இருக்கிறது.

காய்களைச் சமைக்கும் வரிசையையும் கெடும் வேகத்தை வைத்தே அமைக்க வேண்டும். கீரை வாங்கிய அன்றே, மிஞ்சினால் மறுநாள். வெண்டை, கத்தரி, புடலை, அவரை வாரத்தின் முதல் பாதியில். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் அதன் பிறகு. சேனையும் முழுப் பூசணியும் உருளையும் எத்தனை நாளானாலும் காத்திருக்கும். நம் கரைக்குக் காய் பெரும்பாலும் மதுரை, ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து லாரியில் வருகிறது. வந்து சேரும்போதே அது ஒரு நாள் பழையது. ராமேசுவரம் தீவில் இருப்பவர்களுக்கு 1988இல் திறந்த சாலைப் பாலத்தைத் தாண்டித்தான் எல்லாம் வர வேண்டும். ஆகவே வீட்டு முற்றத்தில் ஒரு முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்துக்கொள்வது திட்டத்தின் ஒரு பகுதி என்றே சொல்வேன். முருங்கை மணல் நிலத்தையும் தாங்கி வளரும்.

பட்டியல் எழுதுவதும் கடைக்குப் போவதும்

சனிக்கிழமை மாலை டப்பாக்களைத் திறந்து பார்த்த பிறகே பட்டியல் எழுத வேண்டும். நினைவிலிருந்து எழுதினால் வீட்டில் சீரகம் இரண்டு பாக்கெட் இருக்கும், மிளகு துளிகூட இருக்காது என்ற நிலைதான் வரும். பட்டியலைப் பொருள்வாரியாக எழுதாமல் போகும் கடைவாரியாக எழுதுங்கள். ரேஷன் கடைக்கு ஒரு பகுதி: அரிசி, சர்க்கரை, கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம் பருப்பு, லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயில் ஆகியவற்றை முதலில் கணக்கில் எடுத்துக்கொண்டு, பற்றாக்குறையை மட்டும் பலசரக்குக் கடைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். பலசரக்குக்கு மாதம் ஒரு முறை பெரிய பட்டியல், வாரம் ஒரு முறை சிறு பட்டியல் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

வாங்கும் வரிசையும் முக்கியம். பலசரக்கு முதலில், காய் இரண்டாவது, மீன் கடைசி. மீனை முதலில் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வெயிலில் இரண்டு கடை ஏறி இறங்குவது பெரிய தவறு. சூரை, கானாங்கெளுத்தி, சாளை போன்ற மீன்களைக் குளிர்ச்சியில்லாமல் வைத்திருந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகிறது. அது உருவான பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு தடிப்பது இதனால்தான். ஒரு சிறு தெர்மாகோல் பெட்டியில் மீனுக்குச் சம எடை ஐஸ்கட்டி போட்டுக் கொண்டுவந்தால் இந்தக் கவலை இல்லை. பெட்டியும் ஐஸும் கரையிலேயே கிடைக்கின்றன.

போன வியாழன் நடந்ததைச் சொன்னால் இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்று புரியும். நான் போய் நின்றதும் மீன்காரம்மா, "மதினி, இன்னைக்குப் பாறை ஏலத்திலேயே போயிருச்சு. ஊளி இருக்கு, விளமீன் கொஞ்சம் இருக்கு. குழம்புக்கா, வறுக்கவா?" என்றார். குழம்புக்கு என்று சொன்னதும் ஒரு விளமீனை எடுத்துச் செவுளை விரித்துக் காட்டினார். உள்ளே ஈரமான ரத்தச் சிவப்பு. கண் கலங்காமல் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. விரலால் அழுத்திய இடம் உடனே மேலே வந்தது. ஒரு கிலோ நூறு இருந்தது. அவரே ஆய்ந்து கொடுத்தார், தலையைக் குழம்புக்கென்று தனியே போட்டார். என் தாளில் "புளிக்குழம்பு" என்றுதான் இருந்தது. எதையும் அழித்து எழுத வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்த முதல் ஒரு மணி நேரம்

வாங்கி வந்தவற்றை அப்படியே திணித்துவிட்டால் அத்தனை திட்டமும் வீண். மீனைக் கழுவி, வேளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். மறுநாளுக்கு என்றால் பிரிட்ஜின் மிகக் குளிர்ந்த தட்டில். அதற்கு மேல் என்றால் உறைய வைக்கும் பெட்டியில். உறைந்த மீனை முதல் நாள் இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றி மெதுவாக இளக விட வேண்டும்; அடுப்பு மேடையில் வைத்து இளக்கக் கூடாது. கீரையை வேர் நறுக்கி, கழுவாமல், காகிதத்தில் சுற்றுங்கள். சின்ன வெங்காயத்தில் ஒரு கிண்ணம் உரித்து வைத்தால் மூன்று நாள் சமையல் விரைவாகிறது. தேங்காயை உடைத்ததும் துருவி, வேளைக்கு ஒரு பொட்டலமாக உறைய வைக்கலாம்.

கடற்காற்றின் ஈரத்தில் உப்பும் மசாலாப் பொடிகளும் கட்டி தட்டிவிடுகின்றன. பெரிய டப்பாவை அடுப்பருகே வைக்காமல், வாரத்துக்கு வேண்டியதை மட்டும் சிறு கண்ணாடிப் புட்டியில் எடுத்துக்கொள்ளுங்கள். அரிசியில் காய்ந்த வேப்பிலையும் சில வற்றல் மிளகாயும் போட்டு வைப்பது பழைய வழக்கம். எங்கள் வீட்டில் வண்டு வந்ததில்லை.

தடைக்காலமும் மழைக்காலமும்

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்காக விதிக்கப்படும் தடை இது. நாட்டுப்படகுகள் போகின்றன என்றாலும் மீன் குறைந்து விலை ஏறும். இந்த ஒன்பது வாரங்களுக்குத் தனித் தாள் வேண்டும். வியாழன் மீன் இடத்தை முட்டைக்கோ மொச்சை, தட்டைப்பயறு போன்ற பயறுகளுக்கோ மாற்றிவிட்டு, ஞாயிறு ஒன்றை மட்டும் மீனுக்கு வைத்துக்கொள்கிறோம். இதே மாதங்களில்தான் நுங்கும் பதநீரும் கிடைக்கும். பழக் கணக்கில் நுங்கைச் சேர்த்துக்கொள்ளலாம்.

அதற்கு முன்பே, மாசி பங்குனியில், இரண்டு வேலைகளை முடித்துவிட வேண்டும். ஒன்று, ஆண்டுக்குத் தேவையான குழம்புப் பொடி. நம் மாவட்டத்துக் கரிசல் நிலத்தில் மழையை நம்பி விளையும் முண்டு மிளகாய்க்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அறுவடை நடக்கும் இந்த மாதங்களில் வாங்கி வெயிலில் காய வைத்து, மல்லியோடு சேர்த்து மில்லில் அரைத்துவிட்டால் ஆண்டு முழுவதும் கடைப் பொடி தேவையில்லை. குண்டாகத் தடித்த தோலுடன் இருப்பதால் நன்றாகக் காய்ந்ததா என்று குலுக்கிப் பார்க்க வேண்டும். விதை சலசலக்க வேண்டும். மற்றொன்று கருவாடு. மீன் மலிவாக இருக்கும்போதே நெத்திலி, சீலா, திருக்கைக் கருவாடுகளை வாங்கி மறுபடி ஒரு வெயில் காட்டி வையுங்கள். மேலே இளஞ்சிவப்பு படர்ந்திருந்தாலோ கையில் பிசுபிசுத்தாலோ வாங்காதீர்கள். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் இருக்கச் சொல்கிறது. கருவாட்டை வெந்நீரில் ஊற வைத்து இரண்டு முறை கழுவி, குழம்பில் உப்பைக் கடைசியில் சுவைத்துப் பார்த்துச் சேர்ப்பது அதனால்தான். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் கருவாட்டை வாரம் ஒரு முறைக்கு மேல் வைக்க வேண்டாம்.

ஐப்பசி முதல் மார்கழி வரை வேறு கவலை. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறினால் படகுகள் நிற்கும், மின்சாரம் நிற்கலாம், காய் லாரி தாமதமாகலாம். அந்த மாதங்களில் நான்கு நாட்களுக்கான அரிசி, பருப்பு, முட்டை, கருப்பட்டி, அவல், உருளை, வெங்காயம் ஆகியவற்றோடு மூடி வைத்த நல்ல தண்ணீரும் தனியாக இருக்க வேண்டும். உறைபெட்டியில் மீன் சேர்த்து வைக்கும் பழக்கத்தை இந்த மாதங்களில் நிறுத்திவிடுங்கள். ஒரு ஐப்பசியில் இரண்டு நாள் மின்சாரம் இல்லாமல் மூன்று கிலோ இறாலைக் குழி தோண்டிப் புதைத்தோம்.

வாரக் கடைசியில் பத்து நிமிடம்

சனிக்கிழமை இரவு, அடுத்த பட்டியலை எழுதும் முன், முடிந்த வாரத்தின் தாளில் மூன்று விவரங்களைக் குறியுங்கள்: செலவான தொகை, குப்பைக்குப் போன பொருள், பிள்ளைகள் தொடாத சமையல். ஒரே பொருள் இரண்டு வாரம் குப்பைக்குப் போனால் மூன்றாவது வாரம் அதன் அளவைப் பாதியாக்குங்கள். தாளைக் கிழித்துப் போடாமல் சேர்த்து வையுங்கள். அடுத்த ஆண்டு தடைக்காலம் வரும்போது இந்த ஆண்டின் ஒன்பது தாள்களை எடுத்து, இரண்டை மாற்றி மாற்றி வைத்தாலே திட்டம் தயார். எங்கள் வீட்டுத் தாள்களின் ஓரத்தில் மாமியார் தன் கையெழுத்தில் குறிப்பு எழுதுவார். போன வைகாசித் தாளில் "மொச்சை வேகவில்லை, தண்ணீர் வந்த மறுநாள் வைக்கவும்" என்று இருந்தது. இந்த வைகாசியில் மொச்சையைப் புதனிலிருந்து திங்களுக்கு மாற்றியிருக்கிறேன்.